முக்காலே மூன்று வீசம்: பதினாறில் பதினைந்தைச் சொல்லும் தொடரின் பொருள், பிறப்பு, புழக்கம்

"வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்துவிட்டது." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. ஆனால் அந்த வீசம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் "கிட்டத்தட்ட முழுசும்" என்பார்கள். அது தொடரின் பொருளே தவிர வீசத்தின் அளவு அல்ல.

எங்கள் வீடு நகரியில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றுவிட்டன. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பைத் தெலுங்கு வழியில் படிக்கிறாள். ஒருநாள் அவள் பாட்டி, "சமையல் முக்காலே மூன்று வீசம் ஆகிவிட்டது, இலையைப் போடு" என்றார். இவள் என்னிடம் வந்து, "அத்தை, முக்காலுக்கு மேல் மூன்று என்றால் ஒன்றைத் தாண்டிவிடாதா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. மூன்று வீசம் என்றால் பதினாறில் மூன்று. முக்கால் என்பது பதினாறில் பன்னிரண்டு. இரண்டையும் கூட்டினால் பதினாறில் பதினைந்து, அதாவது 15/16. விழுக்காட்டில் 93.75. பாட்டி சொன்ன கணக்கில் சமையலில் மிச்சம் ஒரே ஒரு வீசம். பெரும்பாலும் அது தாளிப்பாகத்தான் இருக்கும்.

முதல் படி: ஒரு தாளை நான்கு முறை மடியுங்கள்

எழுதிப் புரியவைப்பதைவிட மடித்துப் புரியவைப்பது எளிது. பழைய மாத நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக மடித்தால் ஒவ்வொரு பாகமும் அரை. மறுபடி மடித்தால் கால். மூன்றாவது மடிப்பில் எட்டுப் பாகங்கள், ஒவ்வொன்றும் அரைக்கால். நான்காவது மடிப்பில் பதினாறு. அதில் ஒன்றுதான் வீசம். அரைக்கால் என்ற சொல்லே காலில் அரை என்று தன்னை விளக்கிக்கொள்கிறது.

இப்போது தாளை விரித்து மூன்று கால் பகுதிகளுக்கு வண்ணம் தீட்டுங்கள். பன்னிரண்டு கட்டங்கள் நிறைந்துவிடும். மிச்சமிருக்கும் கால் பகுதியில் நான்கு கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றில் மூன்றுக்குத் தீட்டுங்கள். ஒரு மூலையில் ஒரே கட்டம் வெள்ளையாக நிற்கும்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் என் மருமகளின் விரல் நின்றது. "இது திரும்பவும் அதேதானே அத்தை? முதலில் நான்கில் மூன்று. அப்புறம் மிச்சம் இருந்த ஒன்றிலும் நான்கில் மூன்று" என்றாள். அதேதான். முக்காலே மூன்று வீசம் என்ற தொடரின் உடம்பு அந்த அமைப்புத்தான். முழுதில் முக்கால், மிச்சத்திலும் முக்கால். தொடரைக் கட்டியவர்கள் பதினைந்து என்ற எண்ணை எங்கும் சொல்லவில்லை. பெரிய பங்கை முதலில் வைத்து, எஞ்சியதைச் சிறிய பங்காகப் பிரித்துச் சேர்த்தார்கள்.

விருப்பமுள்ளவர்கள் இன்னொரு சுற்றுப் போகலாம். வெள்ளையாக நிற்கும் அந்த ஒரு கட்டத்தையும் நான்காகப் பிரித்து மூன்றைத் தீட்டினால், முக்காலே மூன்று வீசமே முக்கால் வீசம். அது 63/64. வெள்ளை குறைந்துகொண்டே போகும், தீராது.

இரண்டாம் படி: அணாவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்

வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் இந்தப் படியை அவர்களிடமே கேளுங்கள். 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓர் அணா என்பது ரூபாயில் வீசம். நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால். பதினைந்து அணாதான் முக்காலே மூன்று வீசம். காலணா என்பது வீசத்தில் கால், ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. "காலணாவுக்குப் பிரயோசனம் இல்லை" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் காலணாவேதான்.

பதின்ம நாணயம் வந்ததும் ஒரு ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று. பதினைந்து அணா 93.75 நயா பைசா ஆனது. நூறால் வகுக்கும் கணக்கில் வீசம் உட்காராது. பதினாறு என்பது பாதி, பாதியில் பாதி என்று போகிற கணக்கு. தராசும் படியும் துணியும் நிலமும் அப்படித்தான் பிரிக்கப்பட்டன. ஒன்றைக் கண்ணால் பாதியாகப் பிரிக்க எவராலும் முடியும், பத்தாகப் பிரிக்க முடியாது. 25 காசு நாணயம் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போகும்வரை அதை நாலணா என்றே அழைத்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள். கால் என்ற பழக்கம் அத்தனை உறுதியாக வாயில் ஒட்டியிருந்தது.

மூன்றாம் படி: 'முக்காலே' என்பதில் உள்ள ஏகாரத்தைப் பிடியுங்கள்

இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த எழுத்து இந்த ஏ. பெரும்பாலானவர்கள் இதை அழுத்தம் கொடுக்கும் ஏகாரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். "அவனே வந்தான்" என்பதில் இருக்கும் ஏகாரம் வேறு. இது கூட்டல் குறி.

ஒன்றேகால் என்றால் ஒன்றும் காலும். இரண்டேமுக்கால் என்றால் இரண்டும் முக்காலும். முக்காலே மூன்று வீசம் என்றால் முக்காலும் மூன்று வீசமும். பெரிய அளவு முன்னால் நின்று, அதற்குள் அடங்கும் சிறிய அளவு பின்னால் வந்தால், நடுவில் ஏ வந்து இரண்டையும் ஒட்டும். இதைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், தொகைமரபில் விதியாகவே சொல்கிறது. அளவுப் பெயருக்கும் நிறைப் பெயருக்கும் எண்ணுப் பெயருக்கும் அவற்றுள் அடங்கிய சிறிய பெயர் பின்னால் வரும்போது ஏ என்னும் சாரியை தோன்றும் என்பது அந்த விதி. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் உழக்கே ஆழாக்கு, ஒன்றே கால், காலே காணி ஆகியவை உண்டு.

அடுத்த விதி இதைவிட அழகானது. பின்னால் வருவது அரையாக இருந்தால் ஏ வராது. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்றுதான் சொல்கிறோம். "ஒன்றே அரை" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. யாரும் அதற்கு இந்த விதியைக் கற்றுத் தரவில்லை. ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மட்டும் ஏ விலகி நிற்பது காதிலேயே தெரியும். காய்கறி வாங்கும்போது தினமும் நாம் தொல்காப்பிய விதியின்படிதான் பேசுகிறோம்.

இந்த ஏகாரத்தின் பலம் தெரிந்தால் ஔவையார் பெயரில் வழங்கும் "எட்டேகால் லட்சணமே" என்ற தனிப்பாடல் அடியும் திறந்துகொள்ளும். எட்டுக்குத் தமிழ் எண்குறி 'அ' போல இருக்கும். காலுக்குக் குறி 'வ'. எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ'. ஆக, அவலட்சணமே என்று வைதிருக்கிறார். அந்த ஏ கூட்டல் குறி என்று தெரியாதவருக்கு வசவு புரியாமலே போய்விடும்.

மருமகள் கேட்ட கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. அவள் "முக்கால், மூன்று" என்று பிரித்துக் கேட்டாள். மூன்று என்பது தனி எண் அல்ல. மூன்று வீசம் என்பது ஒரே அளவு. ஏகாரம் ஒட்டுவது முக்காலையும் அந்த அளவையும்.

நான்காம் படி: சொற்கள் பிறந்த விதம்

கால் என்ற சொல் எளிது. நாற்கால் விலங்குக்கு நான்கு கால்கள், அதில் ஒன்று நான்கில் ஒரு பங்கு. வடமொழியில் பாதம் என்ற சொல்லும் கால் என்ற உறுப்பையும் நான்கில் ஒரு பங்கையும் சேர்த்தே குறிக்கிறது. செய்யுளின் நாலில் ஓர் அடிக்கும் அங்கே பாதம் என்றே பெயர். முக்கால் என்பது மூன்று கால். முக்கனி, முப்பால் என்பதைப் போல மூன்று குறுகி 'மு' ஆனது.

வீசத்துக்கு இன்னொரு பெயர் மாகாணி. இந்தப் பெயர் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு கணக்கை வைத்திருக்கிறது. தமிழின் பழைய கீழ்வாய் இலக்கத்தில், அதாவது ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்ன எண்களில், இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், வீசம், அரை வீசம், கால் வீசம். இன்னொன்று இருபதை அடியாகக் கொண்டது: மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. இந்த இரண்டாம் ஏணி நிலக் கணக்கின் ஏணி. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா. சோழர் கல்வெட்டுகளில் நிலங்கள் மா, காணி, முந்திரிகை என்று இதே அளவுகளில் நுணுகிக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

பாதி பாதியாக இறங்கும் ஏணியும் இருபதின் ஏணியும் எங்கே சந்திக்கும்? ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டுங்கள். 1/20 என்பது நான்கு காணி. அதோடு இன்னொரு காணி சேர்ந்தால் ஐந்து காணி, அதாவது 5/80. சுருக்கினால் 1/16. மாவும் காணியும் சேர்ந்ததால் மாகாணி. ஒரு பெயரையே கூட்டல் கணக்காக வைத்த அந்தப் பழைய கணக்கர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. மலையாளத்திலும் 1/16-க்கு மாகாணி என்றே பெயர். மூன்று மாகாணி அங்கே முண்டாணி ஆகிவிட்டது. கன்னடத்தில் வீசத்தை வீச என்பார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மாகாணிக்கும் மாநிலத்தைக் குறிக்கும் மாகாணத்துக்கும் உறவில்லை. முந்திரி என்ற பின்னத்துக்கும் முந்திரிப் பருப்புக்கும் உறவில்லை. அந்தப் பருப்பு போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்து சேர்வதற்கு முன்பே கல்வெட்டில் முந்திரிகை இருந்தது.

ஐந்தாம் படி: கணக்குப் போடுங்கள்

ஒரு தொகையில் முக்காலே மூன்று வீசம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பதினைந்தால் பெருக்கிப் பதினாறால் வகுக்க வேண்டியதில்லை. நான்கு முறை பாதியாக்கிக் கடைசியில் வந்ததை முழுத் தொகையிலிருந்து கழித்தால் போதும்.

480-ஐ எடுத்துக்கொள்வோம். பாதி 240, அதில் பாதி 120, பிறகு 60, பிறகு 30. இந்த 30-தான் வீசம். 480-லிருந்து 30 போனால் 450. மனக்கணக்கில் பத்து வினாடி ஆகாது. ஒரு மணி நேரத்தில் முக்காலே மூன்று வீசம் 56 நிமிடம் 15 வினாடி. ஒரு கிலோவில் 937.5 கிராம்.

இரண்டு ஏணிகளையும் கலந்து கூட்ட வேண்டுமானால் எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிவிடுங்கள். ஒன்றுக்கு 320 முந்திரி. காலுக்கு 80, வீசத்துக்கு 20, மாவுக்கு 16, காணிக்கு 4. எனவே முக்காலே மூன்று வீசம் என்பது 240-உம் 60-உம் சேர்ந்து 300 முந்திரி. பள்ளியில் பகுதிகளைச் சமமாக்கு, மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடி என்று படுத்துகிறோமே, அந்தத் தொல்லையை 320 என்ற ஒரே எண்ணைத் தேர்ந்ததன் மூலம் திண்ணைப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் தீர்த்துவைத்திருந்தது. எண்சுவடியை மனப்பாடம் செய்த பையனுக்குக் கால் என்றவுடன் எண்பது என்று நாவில் வரும்.

பயிற்சிக்கு ஒரு பழைய வாய்மொழிக் கணக்கு. காலே அரைக்கால் காசுக்கு நாலே அரைக்கால் வாழைக்காய் என்றால், ஒரு காசுக்கு எத்தனை வாழைக்காய்? இதை நான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது வகுத்தல் குறியைத் தேடினார்கள். ஏழாம் வகுப்பு மருமகள் வீசமாக்கினாள். காலே அரைக்கால் என்பது நான்கு வீசமும் இரண்டு வீசமும், ஆறு வீசம். நாலே அரைக்கால் என்பது 64-உம் 2-உம், 66 வீசம். ஆறு வீசம் காசுக்கு 66 வீசம் வாழைக்காய் என்றால் ஒரு காசுக்குப் பதினொன்று. அவள் விடையைச் சொன்னபோது பாட்டி அடுப்படியிலிருந்தே, "எனக்கு அந்தக் கணக்கு எழுபது வருடமாகத் தெரியும்" என்றார்.

ஆறாம் படி: தெலுங்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள்

எல்லையில் வாழ்வதன் நன்மை இதுதான். ஒரு சொல்லை இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்.

தெலுங்கிலும் வீசம் என்றால் பதினாறில் ஒன்று. நாம் அதைக் கிட்டத்தட்ட முழுமையைச் சொல்லப் பயன்படுத்துகிறோம். அவர்கள் மிகச் சிறிய அளவைச் சொல்லப் பயன்படுத்துகிறார்கள். வீசமெத்து என்றால் ஒரு வீசத்தின் எடை. வீசமெத்து பொன், வீசமெத்துச் சந்தேகம் என்று பேசுவார்கள். எங்கள் தெருக்கோடி நகைக்கடையில் தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் வீசமெத்துக்கூடக் குறையக் கூடாது என்று கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற தமிழ்க்காரர் ஒருவர், தன் சங்கிலி முக்காலே மூன்று வீசம் தயார் என்று ஆசாரி சொன்னதாகப் பெருமையாகக் கூறினார். ஒருவருக்கு அது கடைசித் துளி, இன்னொருவருக்கு ஏறக்குறைய முழுச் சங்கிலி. இரண்டு பேச்சிலும் இருந்தது ஒரே வீசம்.

முழுமையைச் சொல்லத் தெலுங்கில் 'பதஹாரணால' என்ற அடை உண்டு. பதினாறு அணாவுக்குரிய என்று பொருள். பதஹாரணால தெலுங்குப் பெண் என்றால் எந்தக் கலப்பும் இல்லாத அசல் தெலுங்குப் பெண். தெலுங்கில் முழுமைக்குப் பதினாறும் வேண்டும். தமிழில் பதினைந்திலேயே மனம் நிறைந்துவிடுகிறது. என் வீட்டில் பாட்டி பதினைந்து சொல்வார், பக்கத்து வீட்டார் பதினாறு சொல்வார்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வளரும் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்.

கூட்டும் விதத்திலும் ஒரு வேறுபாடு. தெலுங்கில் காலுக்கு அன்றாடச் சொல் பாவு. கால் மணி நேரம் பாவுகண்ட, முக்கால் மணி நேரம் முப்பாவுகண்ட. இரண்டேகாலை ரெண்டும்பாவு என்பார்கள், இரண்டரையை ரெண்டுன்னர என்பார்கள். நம் ஏகாரம் நிற்கும் இடத்தில் அங்கே காதுக்கு 'உம்' போல ஓர் ஒலி நிற்கிறது. அரைக்கு அங்கேயும் ஒட்டு வேறுவிதமாக இருப்பதைக் கவனியுங்கள்.

இனி நான் மிகவும் காத்திருந்து சொல்லவந்த செய்தி. பழைய தெலுங்குக் கணக்கில் பின்னங்களை நான்கை அடியாக வைத்துக் கோடுகளால் எழுதினார்கள். காலுக்கு ஒரு செங்குத்துக் கோடு, அரைக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று. வீசத்துக்கு ஒரு படுக்கைக் கோடு, இரண்டு வீசத்துக்கு இரண்டு, மூன்று வீசத்துக்கு மூன்று. இந்தக் குறிகளுக்கு 2008-ல், கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் 5.1 பதிப்பில் இடம் கிடைத்தது. தமிழின் பின்னக் குறிகளுக்கு 2019-ல், 12.0 பதிப்பில்தான் கிடைத்தது.

அந்த முறையில் 15/16-ஐ எழுதிப் பாருங்கள். மூன்று செங்குத்துக் கோடுகள், அவற்றை அடுத்து மூன்று படுக்கைக் கோடுகள். அதை அப்படியே வாய்விட்டுத் தமிழில் படித்தால் என்ன வரும்? முக்காலே மூன்று வீசம். நாம் வாயால் சொல்வதை அவர்கள் கோட்டால் போட்டிருக்கிறார்கள். தாளில் மருமகளின் விரல் கண்ட அதே அமைப்பு, நான்கில் மூன்று, மிச்சத்திலும் நான்கில் மூன்று, அந்த ஆறு கோடுகளில் அச்சடித்தது போல நிற்கிறது.

ஏழாம் படி: சரியாகப் பயன்படுத்துங்கள்

தமிழில் பங்கைச் சொல்ல ஒரு படிவரிசை இருக்கிறது. கால்வாசி, பாதி அல்லது அரைவாசி, முக்கால்வாசி, அதற்கும் மேலே முக்காலே மூன்று வீசம். முக்கால்வாசிக்கும் முக்காலே மூன்று வீசத்துக்கும் நடுவே மூன்று வீசம் வித்தியாசம் இருக்கிறது. அதை விழுங்கிவிடக் கூடாது. எங்கள் வீட்டு மாடி கட்டும்போது மேஸ்திரி ஒருவர், "வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்தது அம்மா, மிச்சப் பணத்தைக் கொடுங்கள்" என்றார். நான் வேலைகளைப் பதினாறாக எழுதிப் பார்த்தேன். பூச்சு, தரை, மின்கம்பி இழுப்பது, கதவு பொருத்துவது என நான்கு நின்றன. அது முக்கால்தான். அவரிடம் தாளைக் காட்டினேன். அவரும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டு, மூன்றை முடித்துவிட்டுத் திரும்ப வந்தார். அன்றைக்கு அந்தத் தொடர் அவர் வாயில் உண்மையாக இருந்தது.

எதற்குப் பொருந்தும்? முடிவை நெருங்கிவிட்ட வேலைக்குப் பொருந்தும். பெரும்பான்மை மக்களைச் சொல்லப் பொருந்தும்: "ஊரில் முக்காலே மூன்று வீசம் பேர் நெசவாளிகள்." பொழுதைச் சொல்லப் பொருந்தும்: "முக்காலே மூன்று வீசம் நேரம் தறியில்தான் இருப்பார்." ஆனால் மீதியுள்ள அந்தச் சிறு பங்கு இருக்கிறது என்ற நினைவு சொல்பவரிடம் இருக்க வேண்டும். எல்லோரும், எப்போதும், முழுவதும் என்ற இடத்தில் இதை வைத்தால் அது தவறு. ஒருவர்கூட மிச்சமில்லாத இடத்தில் இத்தொடருக்கு வேலையில்லை. ஒப்பந்தம், பத்திரம் போன்றவற்றில் இதை எழுதாதீர்கள். அங்கே 15/16 என்று எழுதிவிடுங்கள்.

எழுத்தில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை 'மூன்று வீதம்'. வீதம் என்பது விகிதம், ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற கணக்கு. இலங்கைத் தமிழில் அது விழுக்காட்டையும் குறிக்கும். முக்காலே மூன்று வீதம் என்று எழுதினால் 75-உம் 3-உம் சேர்ந்து 78 விழுக்காடு என்று ஒருவர் படித்துவிடக்கூடும். இன்னொரு குழப்பம் வீசை. வீசை எடை அளவு, நாற்பது பலம், சுமார் 1.4 கிலோ. மூன்று வீசைக் கத்தரிக்காய் வேறு, மூன்று வீசம் கத்தரிக்காய் வேறு. இம்மியையும் இதோடு கலக்க வேண்டாம். இம்மி என்பது முந்திரியைவிட மிக மிகச் சிறிய பின்னம். "இம்மியளவும் இல்லை" என்ற இடத்தில் வீசத்தை வைத்தால் அளவு ஏறிவிடும்.

பேச்சில் மூணு வீசம் என்று வருவதை எழுதும்போது மூன்று வீசம் என்று எழுதுங்கள். மூவீசம் என்ற பழைய வடிவமும் தவறல்ல. கணக்காகப் பார்த்தால் மூன்று வீசத்தை அரைக்காலே வீசம் என்றும் சொல்லலாம். முக்காலே அரைக்காலே வீசம் என்று முழுத் தொடரையும் அப்படி அமைத்தாலும் விடை 15/16-தான். ஆனால் வாயில் நின்றது மூன்று வீசம். முக்கால், மூன்று என்ற இரண்டிலும் முன்னெழுத்து ஓசை ஒன்றுபோல் மோதுவதால் அது நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

மருமகளின் தெலுங்குக் கணக்குப் புத்தகத்தில் பின்னம் 'பின்னமு'தான். இரு மொழிகளும் உடைந்தது என்று பொருள்படும் ஒரே வடசொல்லை வாங்கியிருக்கின்றன. தொகுதியை அங்கே லவம் என்றும் பகுதியை ஹாரம் என்றும் படிக்கிறாள். 15/16 என்ற கணக்கு வந்த பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கோடுகளை நிறுத்தி, மூன்று கோடுகளைப் படுக்கவைத்திருக்கிறாள். அதன் கீழே தமிழில், பாட்டியிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு, வீசம் என்று எழுதியிருக்கிறாள்.